4 மீட்டர் மைக் ஸ்டாண்ட்: காமன் கூத்து பதிவுக்கு

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்ட மைதானத்தில் காமன் கூத்தை (காமன் கதையை ஆடும் நாட்டார் கூத்து) ஒலிப்பதிவு செய்ய வேண்டும், சாதாரண பூம் ஸ்டாண்ட் (குறுக்குக் கை உள்ள மைக் ஸ்டாண்ட்) ஆட்களின் தலை மட்டத்திலேயே நிற்கிறது, படப்பிடிப்பு விளக்கு மாட்டும் லைட் ஸ்டாண்ட் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சரிவரும். 4 மீட்டர் போகும் ஸ்டாண்டை வாங்கி 3 மீட்டரில் நிறுத்துங்கள். உச்சிக் குழாய்தான் மெல்லியது. அதை முழுதாக இழுத்தால் சின்னக் காற்றுக்கே மைக் ஆடும்.

கடையில் முனைத் திருகைப் பாருங்கள். லைட் ஸ்டாண்டில் பெரும்பாலும் 1/4 அல்லது 3/8 அங்குலம், மைக் கிளிப்பில் 3/8 அல்லது 5/8. பொருத்தும் அடாப்டர் சில்லறைச் சாமான்தான், ஆனால் அது இல்லாவிட்டால் அன்றிரவு வேலை நின்றுவிடும்.

மலைச் சரிவுதான் பெரிய சிக்கல். ஒரு கால் தனியாக நீளும் ஸ்டாண்டாக எடுங்கள். நீளும் கால் பள்ளத்துப் பக்கம். உரப்பையில் 8 கிலோ மணல் கட்டிக் காலின் மேல் வையுங்கள், நடுத்தண்டில் தொங்கவிட வேண்டாம், அது ஊசலாடும். ஆட்கள் நெருங்கி நிற்பார்கள் என்பதால் மூன்று பக்கமும் கயிறு இழுத்து முளை அடித்து, கயிற்றில் வெள்ளைத் துணி கட்டுங்கள்.

தப்புப் பறையின் அதிர்வு நிலத்தோடு ஏறி வரும். மைக்குக்கு அதிர்வு ஏறாமல் தாங்கும் பிடியான ஷாக் மவுண்ட் அவசியம். கேபிளை மைக்கருகில் ஒரு வளையம் தளர்வாக விட்டு, பிறகு தண்டோடு ஒட்டுங்கள். காற்றுக்கு மயிர்க் கவசம் போடுங்கள்.

மேலே மின்கம்பி போகும் இடத்தில் அலுமினிய ஸ்டாண்டை உயர்த்தவே கூடாது.