இயற்கைத் துறைமுகம் இருந்தும் திருகோணமலை ஏன் பெரிய வணிக நகரமாகவில்லை?

விடை ‘பின்னிலம்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. துறைமுகத்துக்குச் சரக்கை அனுப்புகிற, அங்கிருந்து வாங்குகிற உள்நாட்டுப் பகுதியே பின்னிலம்.

ஆழமான துறைமுகம் திருகோணமலையிடம் இருந்தது. ஆனால் மலையகத்தின் கோப்பியும் பின்னர் தேயிலையும், 1867இல் கண்டியை எட்டிய ரயிலில் கொழும்புக்கே இறங்கின. கொழும்பில் அலையைத் தடுக்க இயற்கையான மறைப்புப் போதவில்லை; அதனால் 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். (பணம் போகும் இடத்துக்குத்தான் கல்லும் போகிறது!) திருகோணமலைக்கு ரயில் வந்தது 1920களில், துறைமுகமோ 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம்.

சந்தியில் உள்ள பெட்டிக்கடைக்கு நடக்கும் வியாபாரம், ஒழுங்கைக்குள் இருக்கும் விசாலமான கடைக்கு நடக்குமா?

1983இல் மூண்ட போர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். போர் மேலும் முடக்கியது உண்மை. ஆனால் சரக்குக் கப்பல்கள் கொழும்பைத் தேர்ந்துகொண்டது அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே.