வெப்ப சிகிச்சைக்கு முன் உடலின் மின்கடத்துதிறனை எதற்கு அளக்கிறார்கள்?

அத்தைக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், ரேடியேஷனோடு ஹைபர்தெர்மியாவும் (வெப்ப சிகிச்சை) கொடுக்கலாம் என்கிறார்கள், அதற்கு எம்ஆர்ஐயில் மின்கடத்துதிறன் அளப்பது எதற்கு என்று தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கட்டியை 41 முதல் 43 டிகிரி வரை ஒரு மணி நேரம் போலச் சூடாக்கினால் ரேடியேஷன் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு ஒத்தடம் எட்டாது, ரேடியோ அலைதான் வழி. ஆனால் எல்லாத் திசுவும் அதற்கு ஒரே மாதிரி சூடாகாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கினால் மல்டிமீட்டர் முனைகளைச் சதையில் ஒரு முறை, கொழுப்பில் ஒரு முறை குத்திப் பாருங்கள். கொழுப்பில் ஓம், அதாவது மின்தடை, எகிறும். தண்ணீரும் உப்பும் சதையில்தான் அதிகம். சிகிச்சைக்கான ரேடியோ அலையின் வேகத்தில், 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும், சதை கொழுப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் கடத்துகிறது.

"அப்ப கொழுப்பு சூடாகாதே சார்?" என்று வகுப்பில் கட்டாயம் ஒரு பையன் கேட்பான். அங்கேதான் விஷயம். வயிற்றில் ஒரு தகடு, முதுகில் ஒரு தகடு வைத்தால் கொழுப்பும் சதையும் தொடரிணைப்பு, ஒரே மின்னோட்டம் இரண்டையும் கடந்து போகும். தடை அதிகமுள்ள கொழுப்புதான் முதலில் சுடும். உடம்பைச் சுற்றி ஆன்டெனா வைத்து மின்புலத்தைத் தலை–கால் வாக்கில் அமைத்தால் பக்க இணைப்பு மாதிரி, நன்றாகக் கடத்துகிற பக்கம்தான் அதிக மின்னோட்டம் போகும். சதைக்குச் சூடு அதிகம். எந்த ஆன்டெனாவுக்கு எவ்வளவு பவர் என்று கணக்குப் போட, எந்த இடம் எவ்வளவு கடத்தும் என்று தெரிய வேண்டும்.

எம்ஆர்ஐ தன் ரேடியோ அலை உடம்புக்குள் எப்படி மாறுகிறது என்பதிலிருந்தே அதைக் கணக்கிடுகிறது. ஊசியும் இல்லை, ஷாக்கும் இல்லை. ஆனால் இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலைதான். ஸ்கேனில் சதை, கொழுப்பு, எலும்பு என்று பிரித்து அட்டவணை மதிப்புகளைப் போடுவதே வழக்கம். ஆகவே உங்கள் ஆஸ்பத்திரியில் அளக்காவிட்டால் குறையென்று நினைக்காதீர்கள். 2000-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இப்படி அளக்காமலேயே, கருப்பைவாய் நோயாளிகளில் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம், ஹைபர்தெர்மியாவும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதம். எல்லா ஆய்விலும் அவ்வளவு பலன் தெரியவில்லை, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் ரத்த ஓட்டம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அது ஆளுக்கு ஆள் வேறு. அதனால் சிகிச்சையின்போது எங்காவது சுருக்கென்று சுட்டால் உடனே சொல்லும்படி அத்தையிடம் சொல்லிவையுங்கள். நம் பக்கத்துப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பார்கள். அங்கே அது கூடாது, அவர் சொன்னால்தான் பவரைக் குறைப்பார்கள்.