பொடுகு ஷாம்பு போட்டும் தலை அரிப்பு நிற்காதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. நான்கு மாதங்களாகத் தலையில் ஓயாத அரிப்பு. சொறிந்தால் வெள்ளைச் செதில் உதிர்கிறது. புருவத்திலும் மூக்கின் ஓரங்களிலும்கூடச் சிவந்து தோல் உரிகிறது. பொடுகு ஷாம்புகளை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டேன், இரவில் எண்ணெயும் தேய்க்கிறேன். மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் இரண்டு நாளில் அடங்குகிறது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. அழகு நிலையத்தில் கேமராவை வைத்துப் பார்த்துவிட்டு, மயிர்க்கால்கள் அடைபட்டிருப்பதால் பத்து முறை ‘சுத்திகரிப்பு’ செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவற்றுள் எனக்கு மிகவும் உதவுவது புருவத்தையும் மூக்கோரத்தையும் பற்றிய குறிப்பு. எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுந்த இடங்களாகப் பார்த்து வரும் இந்த அழற்சிக்கு செபோரிக் டெர்மடைடிஸ் என்று பெயர்; பொடுகு என்பது இதன் லேசான வடிவம். மலசீசியா என்ற பூஞ்சை எல்லோருடைய தலையிலும் குடியிருக்கிறது. தோல் சுரக்கும் கொழுப்பை அது சிதைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களைச் சிலருடைய தோல் தாங்கிக்கொள்வதில்லை. அங்கே அரிப்பும் செதிலும் வருகின்றன. அழுக்கினால் வருவதன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. அந்தப் பூஞ்சையை நிரந்தரமாக ஒழிக்க முடியாது என்பதால், ‘ஒரேயடியாகக் குணமாக்குகிறேன்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இரவு எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். எண்ணெய் செதிலை நனைத்துப் படிய வைப்பதால் குறைந்துவிட்டதுபோலத் தெரிகிறதே தவிர, கொழுப்பை உண்டு வாழும் பூஞ்சைக்கு அது கூடுதல் தீனியாகவே முடிகிறது. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா போன்றவற்றைச் சொறிந்து புண்ணான தலையில் தேய்ப்பது எரிச்சலை வளர்க்கும்.

ஷாம்பு பலிக்காததற்குப் பெரும்பாலும் காரணம் பயன்படுத்தும் முறைதான். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பு ஒன்றை வாங்கி, வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரங்கள் பயன்படுத்துங்கள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, நுரை தலைத்தோலில் படுமாறு விரல் நுனியால், நகம் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்ட பிறகே அலச வேண்டும். தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றினால் மருந்து தோலில் தங்காமல் நுரையோடு போய்விடும்; உறையில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த ஒரு வரியை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் இத்தனை பேர் ஷாம்பு மாற்றி ஷாம்பு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதே நுரையைக் கண்ணில் படாமல் புருவத்திலும் மூக்கோரத்திலும் சிறிது நேரம் வைத்துக் கழுவலாம். அரிப்பு அடங்கிய பிறகும் வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரங்களுக்கு ஒரு முறையோ தொடர வேண்டும்.

இனி அந்தக் களிம்பு. அதன் உறையைப் படித்துப் பாருங்கள். பூஞ்சை மருந்து ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லி ஒன்று, அவற்றோடு கிளோபெட்டாசோல் போன்ற கடுமையான ஸ்டீராய்டு ஒன்று எனக் கலந்திருந்தால் வியப்படைய மாட்டேன். இரண்டு நாளில் அடங்குவதும், விட்டதும் சீறிக்கொண்டு திரும்புவதும் ஸ்டீராய்டின் வழக்கமான நடத்தை. முகத்தில் அதைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்கும், பருக்கள் கிளம்பும். மருத்துவர் நாள் கணக்கு வைத்துத் தரும் ஸ்டீராய்டு நீர்மம் தலைக்கு நல்ல மருந்துதான். கேட்டவருக்கெல்லாம் எடுத்து நீட்டுவதுதான் தவறு. மருந்துச் சீட்டு வேண்டும் என்று சட்டம் எழுதிவைத்த பல இடங்களிலும் அதைக் கேட்பாரில்லை, கேட்காததைக் கண்காணிப்பாரும் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடும் எங்கள் மருத்துவமனை வரிசைகளும் இந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துத்தான் கொடுக்கின்றன.

கேமரா விஷயத்துக்கு வருவோம். எவருடைய தலைத்தோலைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் மயிர்க்காலின் வாயில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் செதிலும் தெரியும். அதை நோயென்று காட்டிப் பயமுறுத்துவது விற்பனை உத்தி. தோல் மருத்துவர்களிடமும் உருப்பெருக்கும் கருவி உண்டு. ஆனால் அதைப் பிடித்திருப்பவருக்கு உங்களிடம் பத்துமுறைத் திட்டம் விற்கும் கட்டாயம் இருக்கக்கூடாது. அழற்சி உள்ள தோலை நீராவியாலும் அமிலக் கரைசலாலும் உரிப்பது அழற்சியைக் கூட்டவே செய்யும். ‘மூலிகை’, ‘தோல் மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டது’ போன்ற அட்டை வாசகங்களையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னது ஒரு சாராருக்குப் பொருந்தாது. தலைக்குச் சாயம் பூசுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கருஞ்சாயங்கள் பலவற்றில் பாராபினைலின்டையமின் என்ற பொருள் இருக்கிறது. அது தரும் ஒவ்வாமை பூசிய உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாட்கள் கழித்தே தலை தினவெடுக்கும், காது மடலும் நெற்றி ஓரமும் பிடரியும் நீர்கோத்துச் சிவக்கும், சிலருக்குக் கண் இமைகள் வீங்கிவிடும். இடைவெளி இருப்பதால் பழியை வேறெதன் மீதாவது போட்டுவிட்டு அடுத்த மாதமும் அதே சாயத்தைப் பூசுகிறார்கள். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட சாயம் திடீரென ஒவ்வாமல் போவது உண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த உணர்திறன் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் படும் கலவையில் இதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது, ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவரை அதற்குக் குறைந்த அளவும் பாதிக்கும். ‘கருப்பு மருதாணி’ என்று விற்பதிலும் கவனம் தேவை: மருதாணி தரும் நிறம் செம்பழுப்பு; அது கருமை தந்தால் அவுரியோ இந்த வேதிப்பொருளோ அதில் கலந்திருக்கிறது. சாயம் பூசும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், கீட்டோகோனசோல் பயன்படுத்தும் வாரங்களில் அதை முழுவதும் நிறுத்திவிடுங்கள். பிறகும் ஐயம் இருந்தால், ஐயத்துக்குரிய பொருளை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றாலும், முடி வட்ட வட்டமாகக் கொட்டினாலும், தடித்த வெள்ளிநிறச் செதில் நெற்றி வரை இறங்கினாலும், சீழ் வைத்தாலும் காத்திருக்க வேண்டாம், நேரில் போய்க் காட்டுங்கள். போகும்போது அந்தக் களிம்பின் உறையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் தடவினீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.