ஐந்தாமவனின் காசு

வணக்கம் ஐயா,

நாங்கள் மல்லாவியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர். உயர்தரம் எழுதி முடித்துவிட்டோம். கம்பஸ் தொடங்க எப்படியும் ஒரு வருசம் செல்லும் என்கிறார்கள். அதற்கிடையில் இந்தியாவும் நேபாளமுமாக 40 நாள் போய்வர யோசித்திருக்கிறோம். இல்லாவிட்டால் தாய்லாந்து 10 நாள். எங்களில் ஒருவனுக்கு வசதியில்லை. அப்பா இல்லை, அம்மா கூலி வேலைக்குப் போகிறா. இன்னொருவனின் மாமா கனடாவிலிருந்து இவனுடைய செலவையும் சேர்த்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே அது பிரச்சினை இல்லை. எந்த நாடு நல்லது? வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது?

அன்புத் தம்பி,

"ஆகவே அது பிரச்சினை இல்லை" என்று எழுதிவிட்டு நீர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக என் மனதில் கிடக்கிற விஷயமும் அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீர் கேட்டது. தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 60 நாள் தரத் தொடங்கியது. 2025 மே முதல், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். இவை மாறுகிற விதிகள். ரிக்கற் எடுக்கமுன் ஒருக்கா பாரும். ஆனால் 10 நாளுக்குப் போனால் காசில் பெரும்பங்கு விமானத்துக்கே போய்விடும். இந்தியாவும் நேபாளமும் உங்களுக்குச் சரி.

உங்கள் 40 நாள் திட்டம் மட்டும் பிழை. இந்தியாவின் 30 நாள் ஈ-விசாவில் இரண்டு முறை நுழையலாம். ஆனால் அந்த 30 நாளும் முதல் இறங்கிய நாளிலிருந்து ஓடும். நேபாளத்தில் நிற்கிற நாளும் அதற்குள்தான். 15 நாள் இந்தியாவில் நின்று, 20 நாள் நேபாளத்தில் நின்று திரும்பினால் உங்கள் விசா ஐந்து நாளுக்கு முன்னமே செத்திருக்கும். திரும்பி இந்தியாவால்தான் வருவதென்றால் ஒரு வருட ஈ-விசா எடுங்கள். ஐந்து பேரில் ஒருவர்கூட இதை வாசிக்கவில்லையா? உயர்தரம் எழுதிய பிள்ளைகள் அல்லவா! நேபாளம் இலங்கையருக்கு வருடத்தில் முதல் 30 நாளை இலவசமாகத் தருகிறது. அங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் எல்லையில். கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் சோனௌலி போய் நடந்து கடப்பீர்கள். இந்தியருக்கும் நேபாளியருக்கும் அங்கே முத்திரை தேவையில்லை. சனம் சந்தைக்குப் போவதுபோல் போய்வரும். உங்கள் முகத்தைப் பார்த்து இந்தியப் பெடியள் என்று நினைத்து ஒருவரும் மறிக்கமாட்டார்கள். நீங்களும் பேசாமல் நடந்துவிடுவீர்கள். இந்தியக் குடிவரவு அலுவலகம் தெருவோரக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. நீங்களாகத் தேடிப் போய் வெளியேறும் முத்திரை குத்துவித்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் கடவுச்சீட்டின்படி நீங்கள் இன்னும் இந்தியாவுக்குள் நிற்கிறீர்கள். திரும்பும்போது காத்மாண்டுவிலிருந்து விமானத்தில் வாருங்கள். ஈ-விசாவில் எல்லா வாசலாலும் உள்ளே விடமாட்டார்கள்.

ரயிலுக்குப் பொதுப் பதிவு 60 நாள் முன்பிருந்துதான். ஒரு சீட்டில் ஆறு பேர் வரை போடலாம், ஐந்து பேரையும் ஒன்றாகப் போடுங்கள். இணையத்தில் எடுத்த சீட்டில் எல்லாரும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால், அட்டவணை போட்டதும் அது தானாக ரத்தாகும். அதை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது. மலிவான லொட்ஜ் சில வெளிநாட்டவரை ஏற்காது. வெளிநாட்டவர் தங்குவதை அறிவிக்கிற 'சி' படிவத்தை அவர்கள் அரசுக்கு அனுப்ப வேண்டும், அந்த ஏற்பாடு எல்லாரிடமும் இல்லை. தமிழில் கதைத்து அறை பேசிவிட்டுக் கடைசியில் கடவுச்சீட்டை நீட்டாமல், "நாங்கள் இலங்கை, சி படிவம் போடுவீர்களா" என்று முதலே கேளுங்கள்.

வீட்டுச் சம்மதம். 2009 இல், போர் முடிகிற நேரம், உங்களுக்கு இரண்டு, மூன்று வயது. உங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு மாத்தளன் வரை நடந்த அம்மா, பிள்ளை கண்ணில் படாத ஒவ்வொரு மணித்தியாலத்தையும் எண்ணுகிற அம்மா. அவவிடம் சம்மதம் "வாங்க" வழி கேட்கிறீரே, வெட்கமாயில்லையா? எந்தத் திகதியில் எந்த ஊர், எந்த ரயில், ஐந்து பேரின் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவவின் கையில் கொடும். இரவு எட்டு மணிக்கு எடுப்பேன் என்றால் எட்டு மணிக்கு எடும். அவ்வளவுதான்.

இனி அந்த ஐந்தாமவன்.

மாமா நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்னொருவன் காசில் வருகிறவனுக்குப் பயணத்தில் வாய் இல்லை. எந்தக் கடையில் சாப்பிடுவது என்று கேட்டால் "எங்கையெண்டாலும் சரி" என்பான். நீங்கள் இரண்டாம் முறை பிரியாணி சொல்லும்போது அவன் "எனக்குப் பசிக்கேல்லை" என்பான். களைத்தாலும் ஓட்டோ பிடிப்போம் என்று சொல்லமாட்டான். மூன்றாம் கிழமை உங்கள் பைகளைக் கேட்காமலே தூக்கத் தொடங்குவான். நீங்கள் அதைக் கவனிக்கவும் மாட்டீர்கள், அவன் சுபாவம் அப்படி என்று நினைப்பீர்கள்.

அவனுடைய அம்மாவையும் நினையும். பிள்ளை ஊராரின் காசில் வெளிநாடு போகிறான் என்றால் அவ வெறுங்கையோடு அனுப்பமாட்டா. உடுப்பு, பை, கைச்செலவு என்று குழுக்கடன் எடுப்பா. வன்னியில் கணவன் இல்லாத பெண்கள் நுண்கடனில் பட்ட பாட்டை நான் உமக்குச் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் காத்மாண்டுவில் படம் எடுக்கிற நேரத்தில், கிழமைக் காசு கேட்டு அந்த வீட்டுப் படலையில் ஆள் நிற்கும்.

ஆகவே, குறைந்த காசுள்ளவனின் அளவுதான் எல்லாருக்கும் அளவு. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

செய்யும் முறை இது. ஒரே கொப்பியில் கிழித்த ஐந்து துண்டு, ஒரே பேனை. கடன்படாமல், நகை அடைவு வைக்காமல், ஒருவரிடமும் கேட்காமல் ஆறு மாதத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்று ஒவ்வொருவரும் இலக்கத்தில் மட்டும் எழுதி மடித்துப் போடுங்கள். ஐந்தையும் விரித்து, ஆகக் குறைந்த தொகையை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். மற்றவற்றை எரித்துவிடுங்கள். அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கதைக்காமல் இருப்பதுதான் நட்பின் வேலை.

அந்தத் தொகையிலிருந்து கடவுச்சீட்டு, விசா, போகவர விமானச் சீட்டு, நீண்ட ரயில்கள் ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று தனியே வையுங்கள். மீதியை ஒரு நாள் செலவால் பிரித்தால் வருவதுதான் உங்கள் பயணத்தின் நாள். 40 வராது. 16 வரலாம், 12 வரலாம். நாட்களைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். நேபாளத்தை விட்டுப் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, மதுரை, தஞ்சாவூர், ஹம்பி என்று தெற்கோடு நின்றாலும் அது வெளிநாடுதான்.

பிறகு பொதுப் பை. ஆளுக்கு 4,000 இந்திய ரூபா என்று சமமாகப் போடுங்கள், 20,000 ஆகும். அறை, பஸ், ஓட்டோ, தண்ணீர், மருந்து, சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு இதிலிருந்து. உடுப்பு, போன் டேட்டா, நினைவுப் பொருள் அவரவர் காசில். பை 4,000 க்கு இறங்கியதும் எல்லாரும் ஒரே நாளில், ஒரே அளவில் மறுபடி நிரப்புங்கள். "நான் இப்ப குடுக்கிறன், பிறகு பாப்பம்" என்பதை முழுதாக நிறுத்துங்கள். கூட்டுகள் உடைவது அங்கேதான். 60 ரூபா, 140 ரூபா என்று பத்து இடத்தில் நிற்கும். காசு உள்ளவன் மறந்துவிடுவான், இல்லாதவன் இரவில் கிடந்து எண்ணுவான்.

பை ஒருவரிடம் மூன்று நாள், பிறகு அடுத்தவரிடம். ஐந்தாமவனும் தன் முறைக்கு வைத்திருக்க வேண்டும். படுக்கமுன் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். 50 ரூபாவுக்குள் குறைந்தால் "தவறியது" என்று எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள், விசாரணை வேண்டாம். டொலர் மாற்றினால் பற்றுச்சீட்டில் உள்ள விலையையே எழுதுங்கள், போனில் காட்டுகிற விலை உங்களுக்குக் கிடைத்த விலை இல்லை. ஒருவன் வயிற்றோட்டத்தோடு அறையில் படுத்தால் அன்றைய அறைக்கு அவன் பங்கு உண்டு, சாப்பாட்டுக்கு இல்லை. அவனுக்கு வாங்குகிற மருந்து பொது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற் பத்து இங்கிருந்தே கொண்டு போங்கள்.

மாமாவின் காசுக்கும் இடம் இருக்கிறது. ஐந்து பேருக்கும் பொதுவான ஆபத்துக் காசாக அதை வையுங்கள். ஆஸ்பத்திரி, தவறிய விமானம், களவுபோன கடவுச்சீட்டு, இவ்வளவுக்குத்தான். அது மருமகனின் கையில் இருக்கக்கூடாது. தொடாமல் வந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். மாமாவுக்கு இதைச் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார்.

ஒன்று விட்டுப்போயிற்று. பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக விண்ணப்பம் சில கிழமைதான் திறந்திருக்கும். அந்த நேரம் ஐந்து பேரும் வீட்டில் நில்லுங்கள்.

இன்றே தொடங்குகிற வேலை ஒன்று உண்டு. ஐந்தாமவனிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளும். இடம்பெயர்வில் தொலைத்த குடும்பங்கள் பல. இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அது இழுபடலாம். அது கிடைத்து, அடையாள அட்டையில் உள்ள பெயரும் திகதியும் அதோடு ஒத்திருந்தால்தான் வவுனியாவில் கடவுச்சீட்டுக்குக் கொடுக்கலாம். படம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், கைவிரல் அடையாளத்துக்கு நேரே போக வேண்டும். அவனைத் தனியே அனுப்பாதையும். ஐந்து பேரும் ஒரே நாளில் போங்கள், ஐந்து கடவுச்சீட்டும் கைக்கு வரும்வரை ஒருவரும் ரிக்கற் எடுக்கவேண்டாம்.

துண்டு விரித்த பிறகு எத்தனை நாள் வந்தது என்று எழுதும்.