கேமரா கேள்வி பதில்: வெண்பனி ஏன் சாம்பலாகிறது?

குளிர்காலப் பயணம் போய்வந்தவர்களின் கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. அதனால் கல்யாணப் படம், குழந்தைப் படம் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பனியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கண்ணுக்குப் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்த பனிச்சரிவு, படத்தில் துவைக்காத வேட்டி மாதிரி மங்கிக் கிடக்கிறது. கேமரா புதிது, லென்ஸும் சுத்தம். படத்தை இணைத்திருக்கிறேன். கோளாறு எங்கே?

பதில்: கோளாறே இல்லை. உங்கள் கேமரா தனக்குத் தெரிந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. உள்ளே இருக்கும் லைட் மீட்டருக்கு, எதிரே இருப்பது பனியா கரியா என்பது தெரியாது. எதைக் காட்டினாலும் ‘இது சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல்’ என்று வைத்துக்கொண்டு அளக்கும். போட்டோகிராபர்கள் கையில் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மீட்டரின் கணக்கும் ஏறக்குறைய அதை ஒட்டியதுதான். புதிதாகப் பெய்த பனியோ 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!’ என்று கேமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. பனி சாம்பலுக்கு இறங்கிவிடுகிறது. இதே கேமராவில் கருப்பு எருமையை நெருங்கி எடுத்துப் பாருங்கள், அதையும் சாம்பலாக்கித்தான் தரும்.

உங்கள் படத்தோடு பதிவான விவரங்களைப் பார்த்தேன். நல்ல வெயில், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சுருங்கும்), ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/2000 நொடி, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் சொல்வதைவிட ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தில்தான் விஷயம் இருக்கிறது. பிளஸ், மைனஸ் இரண்டும் போட்ட பட்டனை அழுத்தி, பிளஸ் 1 முதல் பிளஸ் 2 வரை ஏற்றுங்கள். படச்சட்டம் முழுக்கப் பனி என்றால் 2 பக்கம் போங்கள். பாதி மரமும் பாறையுமாக இருந்தால் 1 போதும், சில நேரம் அதுவும் வேண்டாம்.

எவ்வளவு ஏற்றுவது என்பதைத் திரையில் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பனிவெளியின் கூச்சத்தில் எந்தத் திரையும் இருட்டாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தின் இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடம் அது. உங்கள் படத்தில் பனிக்குரிய மேடு நட்டநடுவில் நிற்கிறது. அது வலது ஓரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், ஆனால் சுவரில் மோதக் கூடாது. மோதினால் அந்த இடத்தில் பனி இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம்தான். உங்கள் படத்தின் இடது ஓர மரவேலியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு பனிக்குல்லாய், அதன் காற்றடித்த பக்கத்தில் மெல்லிய வரிகள். அந்த வரிகள் நிற்கிற அளவுக்கு ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெயில் பட்டு மின்னும் ஒன்றிரண்டு புள்ளிகள் வெளுத்துப்போனால் கவலையில்லை.

சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மட்டில் எடுத்திருந்தால் இந்தப் படத்தையே ஓரளவு மீட்கலாம். சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் அவ்வளவு இடம் கிடையாது.

கேள்வி: ஃபிலிம் காலத்தில் அப்பா சொல்லிக்கொடுத்த ‘சன்னி 16’ விதிப்படி, வெயிலில் எஃப் 16, பனி என்றால் இன்னும் குறைத்து எஃப் 22. நீங்கள் ஒளியைக் கூட்டச் சொல்கிறீர்கள். யார் சொல்வது சரி?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியவரின் கையைக் குலுக்க ஆசை. இரண்டும் சரி!

அப்பாவின் விதி மீட்டரைக் கேட்பதே இல்லை. வெயில் எவ்வளவு விழுகிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்கிறது: ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100, எஃப் 16. பனியில் வெளிச்சம் கீழிருந்தும் தெறிக்கிறது, வெள்ளையில் விவரமும் வேண்டும். அதனால் ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் ஒரு படி) குறைத்து எஃப் 22. கேமராவின் மீட்டரோ பனியிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. 18 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் உள்ள தூரம் இரண்டேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல். அவ்வளவையும் அது குறைத்துவிடுகிறது. அப்பா குறைத்தது ஒரு ஸ்டாப். மீதி ஒன்றேகால் ஸ்டாப்பைத்தான் நான் திருப்பிப் போடச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்காரரின் படத்திலேயே சரிபார்க்கலாம். அப்பாவின் எஃப் 22, 1/100 என்பதை எஃப் 8க்குக் கொண்டுவந்தால் ஷட்டர் 1/800. கேமரா வைத்தது 1/2000. நடுவில் இருப்பது அந்த ஒன்றேகால் ஸ்டாப்தான்! உண்மையில் எஃப் 22 வைத்து எடுக்காதீர்கள். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி வளைந்து சிதறும், அந்த டிஃப்ராக்‌ஷனால் படம் மழுங்கும். எஃப் 8, எஃப் 11 பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: நிழல்கள் எல்லாம் நீலமாக வருகின்றன. மென்பொருளில் நீலத்தைக் குறைத்தால் வெயில்பட்ட பனி மஞ்சளாகிவிடுகிறது.

பதில்: நிழலுக்குள் சூரியன் எட்டுவதில்லை. அங்கே விளக்கு நீல வானம்தான். பனி நிறமற்ற கண்ணாடித் துண்டுகளின் குவியல் என்பதால் வருகிற நிறத்தை அப்படியே காட்டிவிடுகிறது. நம் மூளைதான் ‘பனி வெள்ளை’ என்று முன்முடிவோடு அதை மறைக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த ‘மேக்பை’ ஓவியம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலியின் நிழல் பனிமேல் நீலமாகவே விழுந்திருக்கும். 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சி அதை ஏற்கவில்லை.

ஆகவே ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) வெயில்பட்ட பனிக்குச் சரியாக வையுங்கள், 5500 கெல்வின் அருகில். நிழலில் நீலம் இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணை உறுத்தினால் நிழல் பகுதியில் மட்டும் நீலத்தின் அடர்த்தியைப் பாதியாக்குங்கள். முழுக்கத் துடைத்தால் குளிரே போய்விடும். படம் முழுதும் நிழலில் இருந்தால் கதை வேறு. அப்போது ‘ஷேட்’ (நிழல்) அமைப்புக்கு மாற்றலாம்.

கேள்வி: எக்ஸ்போஷர் சரி, நிறமும் சரி. ஆனாலும் என் பனிப் படங்கள் வெறுமையாக இருக்கின்றன.

பதில்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? கடிதத்தில் இல்லை, ஆனால் படங்களில் நிழலே காணோம். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தாலும் சரி, மேகமூட்டமாக இருந்தாலும் சரி, பனி தட்டையாகிவிடும். பனிக்கு உருவம் கொடுப்பது நிழல்தான். சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் வரும் காலையிலோ மாலையிலோ போங்கள். காற்று வரைந்த ஒவ்வொரு வரிக்கும் அப்போது ஒரு நிழல் கிடைக்கும். மேகமூட்டம் என்றால் பரந்த வெளியை விட்டுவிட்டு ஒரு கருத்த மரம், ஒரு வேலி, உறையாத ஓடை என்று ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள்.

இன்னொன்று, காலடித் தடம். அகலமான காட்சியை முதலில் எடுங்கள், பிறகு உள்ளே நடங்கள். சக பயணிகளுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

கேள்வி: பனி கொட்டும்போது எடுத்தால் பனித்துளிகளே தெரிவதில்லை. ஆட்டோஃபோகஸும் முன்னும் பின்னும் அலைகிறது.

பதில்: வெள்ளைக்கு முன்னால் வெள்ளை எப்படித் தெரியும்? பின்னால் பைன் மரங்கள், கருத்த சுவர் என்று இருட்டான ஏதாவது வேண்டும். ஷட்டர் 1/250 அல்லது அதைவிட வேகம் என்றால் துளிகள் புள்ளியாக நிற்கும். 1/30 பக்கம் இறக்கினால் கோடுகளாக இழுபடும். எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும். ஃபிளாஷ் போட்டால் லென்ஸுக்கு அருகில் இருக்கும் துளிகள் பெரிய வெள்ளை வட்டங்களாக எரியும். அது வேண்டுமென்றால் போடுங்கள், தவறிப்போய்ப் போடாதீர்கள். ஃபோகஸைப் பொறுத்தவரை, ஆட்டோஃபோகஸுக்குப் பிடிமானம் வேண்டும். மரத்தண்டின் விளிம்பில் பூட்டிவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தனிப் பனித்துகளின் ஆறு கை வடிவத்தை எடுக்க மேக்ரோ லென்ஸ் போதுமா?

பதில்: பாதிக் கிணறுதான் தாண்டலாம். 1:1 மேக்ரோவில் 3 மில்லிமீட்டர் துகள் சென்சாரிலும் 3 மில்லிமீட்டர்தான். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் சேர்த்தால் இன்னும் நெருங்கலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ ஊர் விவசாயி வில்சன் பென்ட்லி, துருத்தி போல் மடிப்பு வைத்த பெல்லோஸ் கேமராவை மைக்ராஸ்கோப்போடு பொருத்தித்தான் 1885 ஜனவரி 15இல் முதல் துகளைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5000க்கும் மேல் எடுத்தார். துகளை வெளியிலேயே ஆறவைத்த கருப்புக் கம்பளித் துணியில் பிடியுங்கள், மூச்சை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: மொபைலில் எடுக்கிறேன். எனக்கு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. திரையில் பனியைத் தொடுங்கள், பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வரும். அதை மேலே இழுங்கள். அதுதான் உங்கள் காம்பன்சேஷன்.

கேள்வி: வெளியே பேட்டரி சீக்கிரம் செத்துவிடுகிறது, உள்ளே வந்தால் லென்ஸ் முழுக்க நீர் பூக்கிறது. என்ன செய்ய?

பதில்: லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். சார்ஜ் எங்கும் போய்விடவில்லை. ஒரு பேட்டரி கேமராவில், இன்னொன்று சட்டையின் உள்பையில். மாற்றி மாற்றிப் போடுங்கள், ‘செத்தது’ சூடானதும் பெரும்பாலும் எழுந்துவிடும். ஹீட்டர் மேல் வைத்துச் சூடேற்றாதீர்கள்.

நீர் பூப்பதுதான் பெரிய வில்லங்கம். அறையின் ஈரக்காற்று சில்லென்ற கண்ணாடியில் பட்டு நீராகிறது. லென்ஸின் வெளிப்பக்கத்தில் மட்டுமல்ல, கேமராவுக்கு உள்ளேயும் படியும். அறைக்குள் நுழையும் முன்பே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். நீர் உறையின்மேல்தான் படியும். கேமரா அறையின் சூட்டுக்கு வர ஓரிரு மணி நேரம் ஆகலாம், அதுவரை திறக்க வேண்டாம். படங்களைப் பார்க்கும் அவசரம் இருந்தால், மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.