கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடுமா?

கேள்வி: மொத்தமாக வாங்கி வைத்த வேர்க்கடலையில் ஆங்காங்கே பூஞ்சை பிடித்திருக்கிறது. கழுவி, வெயிலில் காயவைத்து, நன்றாக வறுத்துவிட்டால் சாப்பிடலாம்தானே? அந்தச் சூட்டில் பூஞ்சை செத்துவிடாதா?

பதில்: செத்துவிடும். ஆனால் சாவதற்கு முன்னால் அது கடலைக்குள் சுரந்து வைத்த நஞ்சு அப்படியே இருக்கும், அதுதான் பிரச்சினை. அஃப்ளாடாக்ஸின் என்று அதற்குப் பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன, காரணம் யாருக்கும் பிடிபடவில்லை, அதனால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அதைக் குறிப்பிட்டார்கள். கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்துதான் நஞ்சுக்கும் பெயர் வந்தது. புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் இதில் ஒரு வகை நீலமாகவும் இன்னொன்று பச்சையாகவும் ஒளிரும். அந்த நிறங்களின் ஆங்கிலப் பெயர்களை வைத்தே பி, ஜி என்று வகை பிரித்தார்கள்.

கொதிக்கும் தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது. வறுத்தால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் இதை உடைக்கப் பார்க்கிறது, அந்த முயற்சியிலேயே இன்னும் மோசமான ஒரு பொருளாக மாறி, செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ் பி கிருமி ஏற்கெனவே உடம்பில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து சுமார் 30 மடங்கு அதிகம் (அந்தத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள் என்று இந்த இடத்திலும் சொல்லிவிடுகிறேன்). ஒரேயடியாக அதிக அளவில் போனால் வருடங்கள்கூட வேண்டாம். 2004-இல் கென்யாவில் ஈரம் காயாமல் சேமித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 317 பேர் நோயில் விழுந்தார்கள், அவர்களில் 125 பேர் இறந்துபோனார்கள்.

சரி, உங்கள் கடலைக்கு வருவோம். ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பரப்பிப் பாருங்கள். சுருங்கியது, நிறம் கறுத்தது, தோல் கிழிந்தது, இரண்டாகப் பிளந்தால் பருப்புக்கு நடுவே சாம்பல் பூத்தது போல இருப்பது, இவற்றில்தான் நஞ்சு பெரும்பாலும் குவிந்திருக்கும். கசப்பாக ஒரு கடலை வாயில் பட்டால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். நீங்கள் சொல்வது போல ஆங்காங்கே பூஞ்சை தெரிகிறதென்றால் நான் பொறுக்கச் சொல்ல மாட்டேன், மொத்தத்தையும் கொட்டிவிடச் சொல்வேன். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வராது, எனக்கும் தெரியும். ஆனால் பார்வைக்கு நல்லதாகத் தெரியும் பருப்பிலும் நஞ்சு இருக்க முடியும், வீட்டில் அதைச் சோதிக்க வழியில்லை. ஆடு மாடுகளுக்கும் போட்டுவிடாதீர்கள், பசு தின்றால் பால் வழியாக நம்மிடமே திரும்பி வரும்.

கேள்வி: ராஜ்மாவை ஊறவைத்து, மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் இரவு முழுக்க வேகவிட்டேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மூன்று பேருக்கும் வாந்தி. இத்தனை நேரம் வெந்துமா?

பதில்: நேரம் போதும், சூடுதான் போதவில்லை. ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு புரதம் இருக்கிறது, வேகாத நாலைந்து பருப்பே வயிற்றைப் புரட்டிவிடும். கடலை நஞ்சுக்கு நேர் எதிராக, இது நல்ல கொதிக்கு அடங்கிவிடும். ஆனால் கொதி வராமல் 80 டிகிரி பக்கம் வெதுவெதுவென்று கிடந்தால் பச்சைப் பருப்பைவிடப் பல மடங்கு மோசமாகலாம். அந்த மாதிரிப் பாத்திரம் பலமுறை அந்தச் சூட்டைக்கூடத் தொடுவதில்லை. இனிமேல் ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். பிரஷர் குக்கர் என்றால் கவலையே இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் அன்றைக்கே தேறியிருப்பார்கள், இது சில மணி நேரத்தில் தணிந்துவிடும்.

கேள்வி: உருளைக்கிழங்கு பச்சையாக மாறினால் அந்தப் பச்சைதான் விஷமா?

பதில்: பச்சை வெறும் பச்சையம்தான். ஆனால் வெளிச்சம் பட்டதற்கு அது அடையாளம், அதே வெளிச்சத்தில்தான் சோலனைன் என்ற நஞ்சும் கூடுகிறது. வேகவைத்தால் போகாது. லேசாகத்தான் பச்சை என்றால் ஆழமாகச் சீவி, முளைக்கண்ணைத் தோண்டி எடுத்துவிடுங்கள். நிறையப் பச்சை, அல்லது கசப்பு என்றால் முழுக் கிழங்கும் குப்பைக்கு.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கூடாது என்கிறார்கள். சுத்தமான தேனைக் காய்ச்சிக் கொடுத்தாலுமா?

பதில்: காய்ச்சினாலும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், தேன் எவ்வளவு சுத்தமானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பாக்டீரியா சுரக்கும் நஞ்சைக் கொதி அழித்துவிடும், வித்துகளோ கொதியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். நம் குடலில் அவற்றால் முளைக்க முடியாது, அங்கே வேறு நுண்ணுயிர்கள் இடம் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இல்லை, அங்கேயே முளைத்து அங்கேயே நஞ்சைச் சுரக்கும், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை நின்றுவிடும். 1976-இல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் சில வாரங்களுக்குக் கவனியுங்கள். முதலில் மலச்சிக்கல் வரும். அப்புறம் பால் இழுக்கத் திணறுவது, அழுகைச் சத்தம் மெலிவது, இமை தொங்குவது, தலை நிற்காமல் துவளுவது. இதில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், தேன் கொடுத்தோம் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.