கேளுங்கள், சொல்கிறோம்: எந்தப் பக்க ஜன்னலில் உட்காருவது?

கேள்வி (சிங்கப்பூர் ஈசூன் வாசகி): மகன் அமெரிக்காவில் பிட்ஸ்பர்கில் படிக்கிறான். அக்டோபரில் நானும் கணவரும் போய்ப் பத்து நாள் இருக்கப் போகிறோம். அவருக்கு ரயில் என்றால் உயிர். அந்தக் காலத்தில் தஞ்சோங் பகாரிலிருந்து குளுவாங்கில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், முன்னால் போய் எஞ்சினைப் பார்க்காமல் வண்டியில் ஏறமாட்டார். பக்கத்தில் மலைக்குள் அல்டூனா என்று ஒரு பழைய ரயில் நகரம் இருக்கிறதாமே, ஒரு நாள் போய்வர அது தேறுமா? எனக்கு முட்டிவலி வேறு.

பதில்: தேறும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் வருவதுபோல் அழகான மலை ஊர் என்று நினைத்துப் போனால், வண்டியை விட்டு இறங்கியதும் முகம் சுருங்கிவிடும். அல்டூனா சுற்றிப் பார்ப்பதற்காகக் கட்டிய ஊர் இல்லை, பட்டறைக்காகக் கட்டிய ஊர். 1849இல் பென்சில்வேனியா ரயில்ரோட் நிறுவனம் மலையடிவாரத்தில் இடம் பிடித்து, எஞ்சின் செய்யவும் பழுதுபார்க்கவும் உண்டாக்கிய ஊர் அது. பின்னாளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நீராவி எஞ்சின்கள் அங்கே உருவாகி வெளியே போயின. இப்போது அந்தப் பரபரப்பு இல்லை, பாதித் தெருக்கள் தூங்குகின்றன. உங்கள் வீட்டுக்காரருக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்காது.

பார்க்க வேண்டியது ஊருக்கு மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹார்ஸ்ஷூ கர்வ், குதிரை லாட வடிவில் மலையைச் சுற்றி வளையும் தண்டவாளம். இது வருவதற்கு முன்னால் அந்த மலைத்தொடரை எப்படித் தாண்டினார்கள் தெரியுமா? 1834இலிருந்து, கால்வாயில் வரும் படகையே தண்டவாள வண்டியில் ஏற்றி, பத்துச் சரிவுகளில் கயிறு கட்டி இழுத்து, 58 கிலோமீட்டர் மலையைக் கடத்தி, மறுபக்கம் மீண்டும் தண்ணீரில் இறக்கினார்கள். பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க் போய்ச்சேர மூன்றரை நாள். தலைமைப் பொறியாளர் ஜே. எட்கர் தாம்சன், நேராக ஏற முடியாத இடத்தில் பள்ளத்தாக்கையே சுற்றிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டார். ஐரிஷ் தொழிலாளர்கள் கடப்பாறையும் மண்வெட்டியுமாக மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். 1854 பிப்ரவரியில் வளைவு திறந்ததும் மூன்றரை நாள் பயணம் 15 மணி நேரமாகிவிட்டது.

முட்டிவலிக்கு வருகிறேன். வளைவின் நடுவில் உள்ள பூங்காவுக்கு 194 படிகள். பயப்படாதீர்கள், பக்கத்திலேயே கயிற்று ரயில் இருக்கிறது, ஒரு பெட்டி ஏற மற்றது இறங்கும். (அன்று படகை ஏற்றிய அதே கயிற்று வித்தைதான், இன்று நம் முட்டியை ஏற்றுகிறது.) மேலே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள். நான் போனபோது இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை, கூட வந்தவர் கைப்பேசியை நோண்ட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் முதலில் சத்தம்தான் வந்தது, இரும்போடு இரும்பு உரசும் கிறீச். பிறகு வலப்பக்க மரங்களுக்குள்ளிருந்து ஒரு சரக்கு வண்டி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் இடப்பக்கம் மறையும்போதும் வலப்பக்கம் பெட்டிகள் முடியவில்லை. கடைசியில் பார்த்தால் பின்னாலும் எஞ்சின்கள், உறுமிக்கொண்டு முட்டித் தள்ளுகின்றன. இறங்கும் வண்டி என்றால் பிரேக் தீயும் வாசனை மூக்கில் ஏறும்.

ரயிலில் போவதானால் பிட்ஸ்பர்கிலிருந்து காலையில் கிளம்பும் ஆம்ட்ராக் (அமெரிக்கப் பயணிகள் ரயில்) வண்டியில் போய் மாலையில் திரும்பலாம். அடுத்தடுத்து வண்டி வரும் என்று நம் எம்ஆர்டி நகர ரயில் நினைப்பில் இருந்துவிடாதீர்கள், மாலை வண்டியைத் தவறவிட்டால் ராத்தங்கல்தான். போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்க ஜன்னல். நான் போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டு, அந்தப் புகழ்பெற்ற வளைவில் மலைச்சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். வண்டி பூங்காவில் நிற்காது, அல்டூனாவில் இறங்கி வாடகைக் காரில்தான் போகவேண்டும். நிலையத்துக்கு அருகிலேயே ரயில்காரர்கள் அருங்காட்சியகம் இருக்கிறது, நடக்கும் தூரம்தான், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் கதை தெரிந்தபின் வளைவைப் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கும். பூங்காவைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் அக்டோபர் கடைசி என்றால் எந்தெந்த நாள் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி (பொங்கோல் வாசகர்): ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம் இருக்கிறது. அல்டூனாவில் ஏன் இல்லை? அங்கே மலை சின்னதா?

பதில்: உயரம் குறைவுதான். வளைவு இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் சுமார், நம் புக்கிட் தீமா குன்றைப்போல் மூன்று மடங்கு. ஆனால் விஷயம் உயரத்தில் இல்லை, சரிவில் இருக்கிறது. நீலகிரியில் கல்லாறு தாண்டியதும் பாதை கிட்டத்தட்ட 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அதில் வெறும் சக்கரம் வழுக்கும், அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டு அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். சுற்றுலாவுக்கு அது சுகம். மைல் நீளச் சரக்கு வண்டிக்கு அது ஆகாது. அல்டூனாவில் பாதையை வளைத்து நீட்டியதால் 100 அடிக்கு இரண்டடி கூட ஏறவேண்டியதில்லை. அதனால்தான் இன்றும் அதே பாதையில் பெரிய வண்டிகள் ஓடுகின்றன. அந்தப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 1942இல் நாசவேலைக்காக ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பிய எட்டுப் பேரின் பட்டியலில் இந்த வளைவும் இருந்தது. ஒன்றும் செய்வதற்குள் பிடிபட்டுவிட்டார்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): அங்கே சைவச் சாப்பாடு?

பதில்: கஷ்டம். ஊர் பெயரிலேயே ஒரு பீட்சா உண்டு, அதில் சலாமி போடுவார்கள். முதல் நாளே பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய், உணவுக்கூடத்தில் புளியோதரை கிடைத்தால் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (அங் மோ கியோ வாசகர்): அமெரிக்கா போக எனக்கு வசதியில்லை ஐயா. இங்கே என்ன இருக்கிறது?

பதில்: மலை ரயில் இல்லை, பழைய தண்டவாளத்தின் தடம் இருக்கிறது. 2011இல் தஞ்சோங் பகார் நிலையத்தை மூடியபின் அந்தப் பாதை 24 கிலோமீட்டர் நடைபாதையாகிவிட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் பழைய புக்கிட் தீமா நிலையத்துக்குப் போங்கள், இரும்புப் பாலத்தின் மேல் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒன்பது மணியானால் சைக்கிள்காரர்கள் வந்துவிடுவார்கள்.